முகத்தில் பவுடர், முதுகில் புண்: பராமரிப்பு இல்லத்தில் பார்க்க வேண்டியவை

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்ததுதான். ஒரு பெட்ரூம் வீடு, இரண்டு பேரும் வேலைக்குப் போகணும், வீட்டோடு தங்கும் ஆயாவுக்கு ஏஜென்சி கேட்பது மாதம் 25,000க்கு மேல், அவளும் பண்டிகைக்கு ஊருக்குப் போனால் திரும்புவாளா என்பது நிச்சயமில்லை. வலது பக்கம் முழுக்க வாதம் வந்து படுத்துவிட்ட அம்மாவை நவி மும்பையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தது அப்படித்தான். மாதம் 45,000 ரூபாய், திரும்பி வராத டெபாசிட் 1 லட்சம், டயப்பர், மருந்து, டாக்டர் ஃபீஸ் தனி. மழைக்காலம் முடிவதற்குள் அம்மாவின் வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஆஸ்பத்திரியில் அழுகிய சதையை வெட்டி எடுத்து, காய்ச்சல் இறங்கி வெளியே வருவதற்குள் 2,30,000 ரூபாய் போயிருந்தது. பணத்தைவிட அதிகம் உறுத்தியது, "இது ஒரு நாள்ல வந்த புண் இல்லம்மா" என்று டாக்டர் சொன்ன வார்த்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பார்த்த அம்மா தலை வாரி, நெற்றியில் விபூதியோடு, பவுடர் மணக்கத்தான் இருந்தாள்.

பார்வை நேரத்தில் கண்ணுக்குப் படுவது முகமும் தலையும் நைட்டியும் மட்டும். சுத்தம் கெடுகிற இடங்கள் வேறு: முதுகின் அடிப்பக்கம், குதிகால், மார்புக்குக் கீழ் மடிப்பு, தொடை இடுக்கு, வாதம் வந்த கையின் உள்ளங்கை, வாய்க்குள்ளே வாதப் பக்கத்துக் கன்னம். இந்த ஆறையும் பார்க்காமல் "நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்று சொந்தக்காரர்களுக்குப் போனில் சொல்வதில் அர்த்தமே இல்லை. அந்த ஆறு இடங்களையும் பற்றித்தான் எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்ல எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

முதலில் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது. சுற்றிக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போனால் டிவி ஹாலையும் பூஜை மூலையையும் சமையலறையையும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ராத்திரியைப் பற்றி. ராத்திரி எத்தனை மௌஷி (பார்த்துக்கொள்ளும் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), எத்தனை பேருக்கு? எழுந்திருக்க முடியாத ஒருவரைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, டயப்பர் மாற்ற 10 முதல் 15 நிமிஷம் ஆகும். அப்படி 10 பேர் இருக்கும் தளத்தில் ஒரே மௌஷி இருந்தால் ஒரு சுற்று முடியவே 2 மணி நேரம். முடித்த கையோடு அடுத்த சுற்று ஆரம்பிக்க வேண்டும், விடியும்வரை இப்படியே. எந்த மனுஷியால் முடியும்? ஆனால் திருப்பியதைக் குறித்துவைக்கும் சார்ட்டில் 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி என்று எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும், ஒரே பேனாவில், ஒரே சாய்வில். மௌஷிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 12 மணி நேர ஷிஃப்டில் அவர்களால் செய்ய முடிந்ததைச் செய்தார்கள். ஆள் போடாமல் டிக் மட்டும் வாங்கிக்கொள்கிற நிர்வாகத்தின் மேல்தான் கோபம், இன்னும் அடங்கவில்லை.

குளியல். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஒழுங்காக ஸ்பான்ஜ் பாத் கொடுக்க 20, 25 நிமிஷம் பிடிக்கும். இரண்டு பேசின், நாலைந்து சின்னத் துண்டு, இரண்டு பெரிய டவல் வேண்டும். ஃபேனை நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு, உடம்பு முழுவதையும் டவலால் மூடி, துடைக்கிற பாகத்தை மட்டும் திறந்து, துடைத்து, ஒற்றி, உடனே மூட வேண்டும். தண்ணீர் 40 டிகிரி சுமார், அதாவது முழங்கையை நனைத்தால் இதமாக இருக்கிற சூடு. வாதம் வந்த பக்கத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கும், சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது; அதனால் அந்தப் பக்கத்தில் ஊற்றிச் சூடு பார்க்கவே கூடாது. வரிசை முக்கியம்: கண்ணை வெறும் தண்ணீரில், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு கண்ணுக்குத் துண்டின் ஒரு முனை, மற்றக் கண்ணுக்கு வேறு முனை. அப்புறம் முகம், கழுத்து, கைகள், மார்பு, வயிறு, கால்கள். தண்ணீரை மாற்றிவிட்டு முதுகு. மறுபடி தண்ணீரும் துண்டும் மாற்றிவிட்டுக் கடைசியாகப் பிறப்புறுப்பும் ஆசனவாயும். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னுக்குத்தான் துடைக்க வேண்டும். பின்னிருந்து முன்னுக்கு ஒரு தடவை இழுத்தாலும் மலக்கிருமி சிறுநீர்த் துவாரத்துக்குப் போகும். வயதானவர்களுக்கு வரும் யூரின் இன்ஃபெக்‌ஷனில் எரிச்சல் என்று சொல்லத் தெரியாமல், திடீரென்று பிதற்றுவதும் சாப்பிடாமல் மயங்கிக் கிடப்பதுமே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

அம்மா இருந்த இல்லத்தில் ஒரே பக்கெட், அதில் டெட்டால், ஒரே துண்டு, முகத்திலிருந்து கால்வரை. டெட்டால் வாசனை வந்தால் சுத்தம் என்று நமக்கும் ஒரு நினைப்பு உண்டு. வயதானவர்களின் தோல் மெலிந்து, எண்ணெய்ப் பசை வற்றிப்போயிருக்கும். தினமும் டெட்டாலும் கட்டிச் சோப்பும் போட்டால் இன்னும் வறண்டு, வெடித்து, சொறிந்து புண்ணாகும். சோப்பே தினமும் முழு உடம்புக்கும் வேண்டாம். அக்குள், இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் மென்மையான திரவச் சோப்பு, மற்ற இடத்துக்குத் தண்ணீர் போதும். ஈரம் இருக்கும்போதே கை காலில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவலாம். மார்புக்குக் கீழ் மடிப்பிலும் தொடை இடுக்கிலும் கால் விரல் நடுவிலும் எண்ணெய் கூடாது, ஈரமும் கூடாது, பவுடரும் கூடாது. பவுடர் வியர்வையோடு சேர்ந்து உருண்டை உருண்டையாக மடிப்பில் உட்கார்ந்து தோலை அராவும். அம்மாவின் மார்புக்குக் கீழே அதைத்தான் தோண்டி எடுத்தோம், கீழே தோல் சிவந்து, புளித்த நாற்றத்தோடு பூஞ்சை. மடிப்பை ஒற்றி உலர்த்தி, மெல்லிய பருத்தித் துணி ஒன்றை இடையில் வைத்தால் பாதிப் பிரச்சினை வராது. வந்துவிட்டால் டாக்டரிடம் காட்டிப் பூஞ்சை க்ரீம். ஸ்டீராய்டு கலந்த க்ரீமைக் கடைக்காரர் கொடுப்பார், வாங்காதீர்கள்.

டயப்பர்தான் காசும் போய் உடம்பும் போகிற இடம். பில்லில் மாதம் 150 டயப்பர், ஒன்று 60 ரூபாய், ஆக 9,000 ரூபாய் வாங்கினார்கள். அதாவது ஒரு நாளைக்கு 5. அத்தனை மாற்றியிருந்தால் அம்மாவின் தோல் அப்படி ஆகியிருக்காது. நாமே மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் ஒன்று 40, 45 ரூபாய்க்குள் வரும். பாக்கெட்டின் மேல் தேதியை எழுதிக் கொடுங்கள், காலி பாக்கெட்டை வைத்திருக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது டயப்பரின் முன்பக்கத்தில் நேரத்தைப் பேனாவால் எழுதச் சொல்வது இன்னும் நல்லது. சார்ட்டில் பொய் எழுதலாம், மதியம் 3 மணிக்கு நீங்கள் போய்ப் பார்க்கும்போது உடம்பில் இருக்கிற டயப்பரில் காலை 6 என்று எழுதியிருந்தால் யாரும் சமாளிக்க முடியாது. படுத்தே இருப்பவருக்குப் பேன்ட் மாதிரி ஏற்றுவது வேண்டாம், பக்கவாட்டில் ஒட்டும் வகைதான் சரி. இடுப்பு, பின்புறம் இரண்டையும் அளந்து, எது பெரிதோ அதற்கேற்ற சைஸ். பெரிது வாங்கினால் அதிகம் தாங்கும் என்பது தப்பு. தொடை ஓரத்தில் இடைவெளி விட்டு ஒழுகும். ராத்திரிக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாட்டுவதும் வழக்கம். வெளி டயப்பருக்கு ஈரம் போகவே போகாது, உள்ளே சூடும் புழுக்கமும்தான் கூடும்.

3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், மலம் போனால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும். மூத்திரமும் மலமும் கலந்து தோலில் கிடப்பதுதான் தனித்தனியாக இருப்பதைவிட மோசம், தோலை அரித்து எடுத்துவிடும். ஒட்டிக் காய்ந்த மலத்தைச் சுரண்டக் கூடாது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் நனைத்து ஊறவைத்தால் தானாக வழுக்கி வரும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஒற்றி, துத்தநாக ஆக்சைடு க்ரீமை மெல்லியதாக ஒரு பூச்சு. அப்பினால் டயப்பர் உறிஞ்சாது. அடுத்த முறை மாற்றும்போது அழுக்கான மேல் பூச்சை மட்டும் துடைத்தால் போதும், வெள்ளை முழுவதும் போக வேண்டும் என்று தேய்த்தால் தோலும் சேர்ந்து போகும்.

இன்னொன்று, இதை யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். டயப்பர் வேலை குறைய வேண்டும் என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுப்பதைக் குறைத்துவிடுவார்கள். அம்மாவின் உதடு வெடித்துக் கிடந்ததையும் மூத்திரம் டீ நிறத்தில் இருந்ததையும் நாங்கள் வெயில் என்று நினைத்துக்கொண்டோம். இருதயம், கிட்னி காரணமாக டாக்டர் அளவு வைக்காதவரை நாளைக்கு ஒன்றரை லிட்டர் சுமாருக்குப் போக வேண்டும். 500 மில்லி பாட்டிலில் பெயர் எழுதி மூன்று வைத்துவிட்டால் கண்ணாலேயே கணக்குத் தெரியும்.

இனிப் புண். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்தம் போகாமல் செத்துப்போவதுதான் படுக்கைப்புண். அழுத்தம் எலும்பை ஒட்டித்தான் அதிகம் என்பதால் உள்ளே பெரிதாக அழுகியிருக்கும்போது வெளியே சின்னக் கறுப்புத் தடமாகத் தெரியலாம். முதல் அறிகுறியை விரலாலேயே பார்க்கலாம்: சிவந்த இடத்தை அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் நிறம் மாறவே இல்லையென்றால் புண் ஆரம்பித்தாயிற்று, தோல் கிழியவில்லை, அவ்வளவுதான். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது; சுற்றி இருப்பதைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ, தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ அல்லது கொழகொழவென்றோ இருந்தால் அதே அர்த்தம்தான். பின்தலை, தோள்பட்டை, முழங்கை, இடுப்பெலும்பு, கணுக்கால் எல்லாவற்றையும் குளிக்க வைக்கும்போதே பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஏர் பெட் வாங்கிக் கொடுத்தாயிற்றே என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம், 3,500 ரூபாய். அதன் மேல் ரெக்சின், அதன் மேல் மடித்த பெட்ஷீட், அதன் மேல் அண்டர்பேட். இத்தனை அடுக்கு போட்டால் கீழே காற்று ஏறி இறங்குவது உடம்புக்கு வந்து சேராது. ஒரு ஷீட், தேவையானால் ஒரு அண்டர்பேட், அவ்வளவுதான் இருக்க வேண்டும். மொபைல் சார்ஜ் போட பம்பின் பிளக்கைப் பிடுங்குவதும் நடக்கும், போனதும் பம்பைத் தொட்டுப் பாருங்கள். ஏர் பெட் இருந்தாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பித்தான் ஆக வேண்டும். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரித்துக் கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும், ஒருமுறை இடது, ஒருமுறை வலது. குதிகாலுக்குக் கீழே தலையணை வைக்கக் கூடாது; ஆடுசதைக்குக் கீழே வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும், கை நுழைகிற அளவுக்கு. கட்டிலில் கீழே சரிந்தவரை அக்குளில் கை கொடுத்து இழுப்பது பெரிய தப்பு, தோல் ஷீட்டில் ஒட்டிக்கொள்ள உள்ளே சதை மட்டும் நகர்ந்து கிழியும். இடுப்புக்குக் கீழே குறுக்காக ஒரு ஷீட் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். சாப்பிடும் நேரமும் அதற்குப் பின் அரை மணியும் நிமிர்ந்திருக்கட்டும், மற்ற நேரம் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் தூக்காமல் இருப்பது நல்லது.

சிவந்த இடத்தில் ஸ்பிரிட் தடவித் தேய்த்துப் பவுடர் போடுவது பழைய ஆஸ்பத்திரிப் பழக்கம், இன்னும் போகவில்லை. நசுங்கிய சதையைத் தேய்த்தால் இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையமும் வேண்டாம், சுற்றிலும் அழுத்தி நடுவுக்கு ரத்தம் வராமல் செய்யும். புண் ஆனபிறகு சாப்பாடும் மருந்துதான்: கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், 50 கிலோ உடம்புக்கு 60 கிராமுக்குக் குறையாமல். கிட்னிப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். ரசம் சாதமும் கஞ்சியும் கொடுத்துப் புண் ஆற வேண்டும் என்றால் ஆறாது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மாவின் வாயைத் திறந்து, வலது கன்னத்துக்குள் விரலை விட்டு, இட்லித் துணுக்கை வெளியே எடுத்தார். காலை டிபனுக்கு இட்லி கொடுக்கவே இல்லை, முந்தின நாளுடையது. வாதம் வந்த பக்கத்தில் உணர்ச்சி இல்லாததால் சாப்பாடு கன்னத்துக்குள் தங்கும், படுத்ததும் மூச்சுக்குழாய்க்கு இறங்கி நிமோனியா வரும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் டார்ச் அடித்துக் கன்னத்தைப் பார்க்க வேண்டும். பல் துலக்க நிமிர்த்தி உட்காரவைத்து, முடியாவிட்டால் ஒருக்களித்து, மென்மையான சின்ன பிரஷ், பட்டாணி அளவைவிடக் குறைவாகப் பேஸ்ட். துப்ப முடியாதவருக்குப் பேஸ்டே வேண்டாம், நனைத்து உதறிய பிரஷ் போதும். காலையும் இரவும், மூக்குக் குழாயில் ஆகாரம் போகிறவர்களுக்கும்தான். வாயால் சாப்பிடாதவருக்கு வாய் அழுக்காகாது என்பதைப் போல ஒரு தப்பான நினைப்பு கிடையாது. பல் செட்டை ராத்திரி கழற்றிக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் ஊற்றினால் வளைந்து, பிறகு ஈறில் உட்காராது.

வாதத்தில் மூடிக்கொண்ட கையை நான் திறந்து பார்த்ததே இல்லை, நகம் உள்ளங்கையில் பதிந்து ரணமாகி நாற்றம் அடிக்கும்வரை. விரலைப் பிடித்து நெம்பினால் அம்மா அலறுவாள், மௌஷியும் பயந்து விட்டுவிடுவாள். பிசியோதெரபிஸ்ட் காட்டியது எளிது: முதலில் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெதுவாக மடக்குங்கள், விரலை இழுக்கும் தசைநாண் தளர்ந்து தானாக விரல்கள் நெகிழும். அப்போது கட்டைவிரலின் அடியிலிருந்து திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்குகளை ஒற்றி, சுருட்டிய கைத்துண்டைப் பிடித்துக்கொள்ள வைக்க வேண்டும். நகத்தைப் 10 நிமிஷம் ஊறவைத்து நேராக வெட்டலாம். சர்க்கரை இருப்பவர் என்றால் கால் நகத்தை இல்லத்து ஆட்கள் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

தலைமுடியைக் கேட்காமல் ஒட்ட வெட்டிவிட்டார்கள், பேன் என்று காரணம் சொன்னார்கள். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. குட்டையாக வெட்டுவது படுத்திருப்பவருக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அவளைக் கேட்டிருக்கலாம், எங்களையாவது கேட்டிருக்கலாம்.

மும்பை மழையில் ஜூன் முதல் செப்டம்பர்வரை எதுவும் காயாது. ஈர நைட்டியை மாட்டிவிட்டால் தோலில் படை வரும். 8 நைட்டி, முதுகுப் பக்கம் திறந்தது, பெயர் தைத்துக் கொடுங்கள். அயர்ன் செய்து போடச் சொல்லுங்கள். மாட்டும்போது வாதக் கை முதலில், கழற்றும்போது வாதக் கை கடைசியில். அதே பருவத்தில் தளம் முழுக்கச் சிரங்கும் வரலாம். ராத்திரியில் அரிப்பு கூடுவதும் விரலிடுக்கில் சின்னக் கொப்புளமும் அடையாளம். 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீமை டாக்டர் சொல்படி பூசி 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி. ஒருவருக்கு மட்டும் பூசினால் சுற்றிச் சுற்றி வரும். தளத்தில் உள்ள எல்லோருக்கும், மௌஷிகளுக்கும், அடிக்கடி போய்த் தொட்டுப் பழகும் நமக்கும் ஒரே நாளில் பூச வேண்டும்.

பாஷையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும். அம்மாவுக்கு இந்தி நாலு வார்த்தை, வாதம் வந்தபிறகு அதுவும் போயிற்று. "ஒண்ணுக்கு", "வலிக்குது", "தண்ணி", "திருப்பு", "குளுருது" என்ற ஐந்தை இந்தி எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். சங்கீதா என்றோ சுனிதா என்றோ மௌஷி மாறிக்கொண்டே இருந்தாலும், "ஆஜி (பாட்டி), ஒண்ணுக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாற்றும் தடவை குறைந்ததோ என்னவோ, அம்மா நைட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு போராடுவது நின்றது.

இரண்டாவது இல்லத்தில் சேர்க்கும்போது இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, மேனேஜரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம்: எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது, டயப்பரில் நேரம், வாரம் ஒருமுறை பெண் நர்ஸ் முன்னிலையில் குடும்பத்தார் முழு உடம்பையும் பார்ப்பது, தோலில் மாற்றம் தெரிந்தால் அன்றே வாட்ஸ்அப்பில் போட்டோ. முதலில் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள், எழுந்து வந்துவிட்டோம். பராமரிப்பில் குறை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்க நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். முன்னதாக 1915 என்ற நுகர்வோர் எண்ணில் பதிவு செய்யலாம், முதியவரைக் கொடுமைப்படுத்துவதாகத் தெரிந்தால் எல்டர்லைன் எண் 14567. எதற்குப் போவதானாலும் புண்ணின் தேதியிட்ட போட்டோ, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தது, டிஸ்சார்ஜ் சம்மரி, இல்லத்தின் பில், திருப்பும் சார்ட்டின் நகல் வேண்டும். அந்தச் சார்ட்டை முதல் நாளே போட்டோ எடுத்துவிடுங்கள். புண் வெளியே தெரிந்த மறுநாள் அது புதிதாக எழுதப்பட்டிருக்கும்.